விஞ்ஞானம் கேட்கப் போகலாம்: கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வெள்ளவத்தையில் வீடு பிடித்தாயிற்று, பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் கிடைத்தாயிற்று. முதல் மாதம் கடலோரக் காலி முகத்திடலுக்குப் போய் இறால் வடை தின்றே மாலைகள் கழியும். இரண்டாவது மாதம் அலுப்புத் தட்டும். தெரிந்த முகமே இல்லாத ஊரில் மாலை ஆறு மணிக்கு எங்கே போவது? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் திருச்சியிலிருந்து வந்த எனக்கும் அதே கேள்விதான். தற்செயலாக ஒரு விஞ்ஞான உரைக்குப் போனேன். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த நண்பர்களில் பாதிப்பேர் அப்படிப்பட்ட மண்டபங்களின் பின்வரிசையில் கிடைத்தவர்கள்.

முதலில் சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ‘அறிவியல்’ என்று தேடினால் பாதி அறிவிப்புகள் கண்ணில் படாது. இங்கே அது விஞ்ஞானம். இயற்பியல் பௌதிகவியல் ஆகிவிடும், வேதியியல் இரசாயனவியல் ஆகிவிடும். நாம் கோளரங்கம் என்பதை இவர்கள் கோள்மண்டலம் என்கிறார்கள். உரை நடக்கும் இடம் கேட்போர்கூடம். மாடிவீட்டுப் பையன் வீட்டுப்பாடத்தில் ‘ஒட்சிசன்’ என்று எழுதியிருந்ததை எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்தப்போய் நான் வெட்கப்பட்டதுண்டு. ஆக்சிஜனுக்கு இங்கே அதுதான் பாடப்புத்தகச் சொல். பல்கலைக்கழக நுழைவுக்கான உயர்தரம் வரை பௌதிகவியலைத் தமிழிலேயே படிக்கும் பிள்ளைகள் நிறைந்த நாடு இது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த மண் வேறு. ஆகவே நம் சொல்தான் சரி என்ற எண்ணத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

இடம் கண்டுபிடிப்பது எளிது. பெரும்பாலான கூட்டங்கள் கொழும்பு 7இல், அதாவது பழைய கறுவாத்தோட்டத்தில், நடந்தே சுற்றிவிடக்கூடிய வட்டத்துக்குள் நடக்கின்றன. வெள்ளவத்தையிலிருந்து 155ஆம் இலக்க பஸ் பல்கலைக்கழகப் பக்கமாகப் போகும். 1944இல் தொடங்கிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் வித்யா மாவத்தையில் (மாவத்தை என்றால் வீதி) இருக்கிறது. அதன் ஆண்டு அமர்வுகள் வழக்கமாக டிசம்பரில் நடைபெறும். ஆய்வுக் கட்டுரைகள் அடுத்தடுத்து வாசிக்கப்படும் கூட்டம் அது. துறைக்காரர் அல்லாதவருக்குத் தூக்கம் வரலாம், ஒளிப்பானேன். பொறியியலாளர் நிறுவனமும் மருத்துவச் சங்கமும் விஜேராம மாவத்தையில் இருக்கின்றன. 1845இல் நிறுவப்பட்ட அரச ஆசியச் சங்கத்தின் முகவரி ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. கலை வரலாற்றாளராகத்தான் குமாரசுவாமியைப் பலருக்கும் தெரியும். கொழும்பில் பிறந்த அந்தத் தமிழர் மகன், இலங்கைக் கனிம ஆய்வுத்துறையின் முதல் இயக்குநராக இருந்து, தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமத்தை 1904இல் கண்டறிந்த நிலவியலாளர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தால் தெருவே வேறு மாதிரித் தெரிகிறது.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது, 1894இல் தோன்றிய வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மாதாந்த உரை. பௌத்தாலோக மாவத்தையில் சீனாவின் அன்பளிப்பாக 1973இல் திறக்கப்பட்ட பண்டாரநாயக்க மாநாட்டு மண்டப வளாகத்தில், மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை மாலையில் நடப்பது வழக்கம். உறுப்பினராக இருக்கவேண்டியதில்லை, நுழைவுக்கட்டணமும் இல்லை. சிறுத்தையோ யானையோ பவளப்பாறையோ, காட்டிலும் கடலிலும் வெயில் தின்றவர்களே வந்து பேசுவார்கள். மொழி ஆங்கிலம்தான், ஆனால் படங்கள் பாதிக் கதையைச் சொல்லிவிடும். என் மாமியார் ஒரு வார்த்தை புரியாமல் முழு யானை உரையையும் இருந்து பார்த்தார். வெளியே வந்து, பேசியவரைவிட யானையைப் பற்றி அதிகம் கேள்வி கேட்டார்.

மாநாட்டு மண்டபம் என்ற பெயரைப் பார்த்து மிரளாதீர்கள். வாசலில் காவலர் கேட்டால் உரைக்கு வந்தேன் என்று சொன்னால் போதும். முன்பதிவு தேவை என்று அறிவிப்பில் போட்டிருந்தால் மட்டும் அதை மதியுங்கள். ஒருமுறை நான் பதியாமல் போய், அழைப்பாளர்களுக்கு மட்டுமான விருந்து ஒன்றில் மாட்டிக்கொண்டு, கட்லட்டைக் கையில் வைத்தபடி அரைமணி நேரம் அசடு வழிந்தேன். கூட்டம் அரசு சார்ந்ததாக இருந்தால் மங்கள விளக்கேற்றல், தேசிய கீதம், வரவேற்புரை எல்லாம் முடிந்துதான் விஞ்ஞானம் வரும். அந்த நேரத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் ஊர் எது என்று கேட்டுவிடுங்கள். கேள்வி நேரத்தில் ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் கேளுங்கள். மொழிபெயர்த்துச் சொல்ல யாராவது எழுந்துவிடுவார்கள் என்பதே என் அனுபவம்.

முழுக்கத் தமிழிலேயே கேட்க விரும்பினால் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942இல் தொடங்கியது. அங்கே அறிவோர் ஒன்றுகூடல் என்று புதன்கிழமை மாலைகளில் உரை நடத்துவது வழக்கம். இலக்கியத்தின் பக்கமே தராசு சாயும் என்றாலும் மருத்துவமும் சூழலும் வானியலும் அவ்வப்போது தலைகாட்டும். நூலகமும் உண்டு. வீரகேசரி, தினக்குரல் போன்ற நாளிதழ்களின் நிகழ்வு அறிவிப்புகளையும் ஒரு பார்வை பாருங்கள்.

வானம் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு இடங்கள். பல்கலைக்கழகத்துக்கு அருகில், தாமரை மொட்டுப் போலக் கான்கிரீட்டில் நிற்கும் கோள்மண்டலம் 1965 கைத்தொழில் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்க. எந்த மொழிக் காட்சி எந்த நேரம் என்பதைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள், இல்லாவிட்டால் சிங்களத்தில் சனிக்கோளைக் கேட்டுவிட்டு வரவேண்டியிருக்கும். அதுவும் மொழிப்பயிற்சிதான்! இரண்டாவது, மொறட்டுவை கட்டுபெத்தையில் 1984இல் உருவான ஆர்தர் சி. கிளார்க் நிலையம். தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களைப் புவிநிலைச் சுற்றுப்பாதையில், அதாவது பூமியோடு சேர்ந்தே சுற்றி ஓரிடத்திலேயே நிற்பதுபோலத் தெரியும்படி, நிறுத்தலாம் என்று 1945இல் எழுதிய விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் கிளார்க்தான். வாழ்வின் பெரும்பகுதி கொழும்பில் வசித்து 2008இல் இங்கேயே மறைந்தார். அங்கே ஜப்பான் வழங்கிய 45 சென்டிமீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பொதுமக்களுக்கான வான்நோக்கு இரவுகள் அறிவிக்கப்படும்போது குழந்தைகளுடன் போங்கள். காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் கட்டுபெத்தைச் சந்தியில் இறங்கலாம். திரும்பிவர ஆட்டோவுக்குக் காசு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. இங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. விடுமுறை கிடைக்கும் இரவில் நிலா வெளிச்சம் நட்சத்திரங்களை விழுங்கிவிடும். நட்சத்திரம் தெரியும் அமாவாசையன்று மறுநாள் வேலை இருக்கும். ஒக்டோபர், நவம்பர் மாலைகளை இடிமழைக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரைதான் வானம் ஓரளவு ஒத்துழைக்கும். சென்னையில் அடிவானத்தை ஒட்டியே கிடக்கும் தென்சிலுவை நட்சத்திரக்கூட்டம் இங்கே இன்னும் கொஞ்சம் மேலேறி நிற்கும். துருவ நட்சத்திரத்தை மட்டும் மறந்துவிடுங்கள். அடிவானத்துக்கு மேல் 7 பாகைதான். நகரப் புகையில் அது காணாமல் போய்விடும்.

எந்த மண்டபமும் சங்கமும் வேண்டாத நிகழ்வு ஒன்றும் இருக்கிறது. ஏப்ரல் 7 வாக்கில், நண்பகல் சுமார் 12.12க்கு, கொழும்பில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. சென்னைக்கு அது வர ஏப்ரல் 24 ஆகிவிடும். தொப்பி போட்டுக்கொண்டு காலி முகத்திடலுக்குப் போய், தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நிமிர்த்தி வைத்து, அதன் நிழல் அடியில் ஒடுங்கிக் காணாமல் போவதைப் பாருங்கள். பட்டம் விற்பவர் முதலில் வந்து என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்பார். பின்னாலேயே நாலு பேர் வருவார்கள். தவறினால் செப்டம்பர் முதல் வாரத்தில் சூரியன் மறுபடியும் அதே வழியாகத் திரும்பி வரும்.