ஏழாம் மாத இடுப்பு வலியும் பிசியோதெரபியும்: என் அனுபவம்

கர்ப்பத்தின் ஏழாம் மாதம் தொடங்கியதும் முன்பக்கம் இடுப்பெலும்புகள் சேரும் இடத்தில் சுருக் சுருக்கென்று வலி. மாடிப்படி ஏற, ஆட்டோவில் காலைத் தூக்கி வைக்க, படுக்கையில் புரள, எல்லாவற்றுக்கும் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. "புள்ளத்தாச்சின்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்றார் அத்தை. டாக்டரோ பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார்.

அந்த அம்மா முதலில் என் நடையைப் பார்த்தார். கர்ப்பத்தில் சுரக்கும் ரிலாக்சின் போன்ற ஹார்மோன்கள் மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்களைத் தளர்த்துமாம். வயிற்றின் எடையும் சேர்ந்துகொள்ள, இடுப்பு மூட்டுகள் சீராக அசையாமல் வலிக்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு கர்ப்பிணிக்கு இது வரும், குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

பயிற்சிகளைவிடச் சட்டென்று பலன் தந்தவை சின்னச் சின்னப் பழக்கங்கள். ஒற்றைக் காலில் நிற்கக் கூடாது. சுடிதார் பேண்ட்டைக் கட்டிலில் உட்கார்ந்துதான் போட வேண்டும். புரளும்போது முழங்கால்களை ஒட்டி வைத்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை.

அப்புறம் பயிற்சிகள். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி முதுகை மெல்ல மேலே வளைப்பது ஒன்று. சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கி, சில நொடி பிடித்து விடுவது இன்னொன்று. தும்மினால் சிறுநீர் கசியும் தொல்லைக்கும் இது நல்லது என்பதால் பிரசவத்துக்கு அப்புறமும் விடவில்லை. இடுப்புப் பட்டையும் கொடுத்தார். சென்னை வெயிலில் அது தண்டனைதான், வெளியே போகும்போது மட்டும் கட்டினேன்.

வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் மாடி ஏற முடிந்தது. ரத்தப்போக்கோ பனிக்குட நீர்க்கசிவோ தலைசுற்றலோ வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்.