ஏர்கோன் சென்சர் கெட்டால் செய்யக் கூடாதவை

கோலாலம்பூரில் ஏர்கோன் சரியாகக் குளிரவில்லை என்றால் வீட்டில் எல்லார் வாயிலும் முதலில் வருவது "காஸ் முடிஞ்சிருச்சு" என்பதுதான். வருகிற செர்விஸ் ஆளும் அதையே சொன்னால் வேலை முடிந்தது, காஸ் அடித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் காஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது, ஓட ஓடத் தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், அதை அடைக்காமல் மேலே மேலே அடிப்பது வீண் செலவு. மீட்டர் வைத்து அளக்காமல் காஸ் அடிக்க யாரையும் விடாதீர்கள்.

பல வீடுகளில் காஸ் நன்றாகவே இருக்கும், கெட்டுப்போனது சூட்டை அளக்கும் சென்சராக இருக்கும். நம் ஊர் ஸ்பிளிட் ஏர்கோனுக்கு, சூட்டைப் பார்த்து ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் என்று சுவரில் தனிப்பெட்டி கிடையாது. உள்ளே இருக்கும் யூனிட்டின் முன்மூடியைத் திறந்து ஃபில்டரைக் கழற்றினால், காற்றைக் குளிரவைக்கும் காயிலின் அலுமினியத் தகடுகளுக்கு முன்னால் ஒரு சின்ன பிளாஸ்டிக் கொக்கியில் மிளகு அளவில் கறுப்பாக ஒன்று தொங்கும். அறைக்காற்றின் சூட்டை அளப்பது அதுதான். இன்னொன்று செம்புக் குப்பிக்குள் அடைபட்டு, காயில் குழாயோடு ஒட்டியிருக்கும் ஓர் உறைக்குள் செருகியிருக்கும். அது காயில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்ப்பது.

இங்கே நடக்கும் பெரிய தவறு, சென்சர் கெடாமலே கெட்டதாக ஆகிவிடுவது. கெமிக்கல் வாஷ் செய்கிறவர் இரண்டையும் உருவிப் போட்டுவிட்டு, கழுவி முடித்ததும் அவசரத்தில் எங்கேயோ செருகிவிட்டுப் போவார். கறுப்பு மணி காயில் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அறை ஏற்கெனவே குளிர்ந்துவிட்டது என்று ஏர்கோனை இயக்கும் மின்பலகையான போர்டு நினைத்து, காஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். நாம் 29 டிகிரியில் புழுங்கிக்கொண்டிருப்போம், வெறும் காற்றுதான் வரும். செம்புக் குப்பி உறையை விட்டு வெளியே தொங்கினால் கதை தலைகீழ்: காயிலில் ஐஸ் கட்டினாலும் போர்டுக்குத் தெரியாது, அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மெத்தையில். ஆகவே செர்விஸுக்கு ஆள் வருவதற்கு முன்னால் மூடியைத் திறந்து போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவர் கிளம்புவதற்கு முன்னால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

சென்சர் நிஜமாகவே கெட்டிருக்கிறதா என்பதை ஒரு சாதாரண மல்டிமீட்டரே சொல்லிவிடும். ஆனால் ரிமோட்டில் அணைத்துவிட்டுக் கைவைப்பது பைத்தியக்காரத்தனம். ரிமோட்டில் அணைத்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கும், மெயின் பெட்டியில் ஏர்கோனுக்கான சுவிட்சை இறக்க வேண்டும். அப்புறம் சென்சரின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். 25 டிகிரியில் 10 கிலோ ஓம்ஸ் காட்டும் வகை நிறைய உண்டு. விரலால் பிடித்துச் சூடாக்கினால் எண் இறங்க வேண்டும். அந்த மணியை மட்டும் ஐஸ் தண்ணீரில் விட்டால் ஏறக்குறைய மூன்று மடங்காக ஏற வேண்டும். எண் அசையவே இல்லை, தாவித் தாவிக் குதிக்கிறது, அல்லது ஒன்றுமே காட்டவில்லை என்றால் சென்சர் போய்விட்டது.

மாற்றும்போது "எல்லாம் ஒண்ணுதான் பாஸ்" என்று கடைக்காரர் கொடுப்பதை வாங்கிவராதீர்கள். 5, 10, 15, 20 கிலோ ஓம்ஸ் என்று பல வகை உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தப்பான எண்ணைப் போட்டால் ஏர்கோன் ஓடும், ஆனால் 24 வைத்தால் குளிர் நடுக்கும், அல்லது 16 வைத்தாலும் புழுங்கும். புடுவில் ஜாலான் பசார் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பழைய சென்சரையும் மாடல் எண்ணையும் கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள். விலை பெரிய விஷயமே இல்லை. இதை அளந்துகூடப் பார்க்காமல் நூற்றுக்கணக்கான வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) போர்டை மாற்றச் சொல்கிறவர்களிடம்தான் எனக்குக் கோபம்.

யூனிட்டில் உள்ள விளக்கு மினுக்கினால் உடனே சுவிட்சைத் தட்டி அணைத்துவிடுகிறோம். பல மாடல்களில் எத்தனை தடவை மினுக்குகிறது என்பதே கோளாறின் குறியீடு, முதலில் அதை வீடியோ எடுத்துவிட்டு அணையுங்கள். மறுபடி போட்டதும் கம்ப்ரஸர் ஓடவில்லை என்று பதறவும் வேண்டாம், பெரும்பாலான மாடல்கள் தங்களைக் காத்துக்கொள்ள மூன்று நிமிடம் போல் காத்திருந்துதான் கிளம்பும். இன்வெர்ட்டர் வகையில் கம்ப்ரஸர் நிற்காமல் மெதுவாக ஓடிக்கொண்டே இருப்பதும் கோளாறு இல்லை, அது அப்படித்தான். ரிமோட்டில் 'ஃபாலோ மி' மாதிரி வசதி இருந்தால் சில மாடல்களில் ரிமோட்டுக்குள் இருக்கும் சென்சர்தான் சூட்டைப் பார்க்கும், அந்த ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டுத் தூங்கினால் ஏர்கோன் என்ன செய்யும், பாவம்.

அமெரிக்க யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு நெஸ்ட் மாதிரி ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கி சுவரில் மாட்ட நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவை அங்குள்ள 24 வோல்ட் சென்ட்ரல் ஏர்கோன், ஹீட்டர்களுக்காகச் செய்தவை. நம் ஸ்பிளிட் யூனிட்டில் அதற்கு இணைக்க இடமே இல்லை, வீட்டு 230 வோல்ட் வயரில் மாட்டினால் புகைந்துவிடும். போனிலிருந்து இயக்கத்தான் ஆசை என்றால் ரிமோட் சிக்னலை அனுப்பும் ஐஆர் கருவி போதும்.

வாரண்டி இன்னும் இருந்தால் ஸ்குரூடிரைவரையே எடுக்க வேண்டாம், கம்பெனியைக் கூப்பிடுங்கள். வெளி யூனிட்டை எந்தக் காரணத்துக்காகவும் நீங்களே திறக்காதீர்கள், கரண்டை அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கியடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.