சுவிட்ச் பாக்ஸ் ஆடாம கோணாம நிக்கணும்னா இந்த தப்பெல்லாம் வேணாம்

புதுசா வயரிங் வேலைக்கு வர்ற பசங்கள பாக்குறேன், நாங்க ஆரம்பத்துல பண்ண அதே தப்பதான் திரும்பவும் பண்றாங்க. மெயின ஆஃப் பண்ணு, டெஸ்டர் வெச்சு பாருன்னெல்லாம் இங்க சொல்லப் போறதில்ல. வேலை முடிஞ்சு கொஞ்ச மாசம் கழிச்சு பல்லிளிக்கிற விஷயம் மட்டும்தான்.

பூச்சு கணக்கு பாக்காம பாக்ஸ் வைக்கிறது

இத பாத்தா இன்னும் கோவம் வரும் எனக்கு. சுவத்துல குரூவ், அதான் பள்ளம், அடிச்சதும் பாக்ஸ செங்கல் மட்டத்துக்கு சமமா வெச்சு கலவைய அப்பிட்டு போயிடுறாங்க. அதுக்கு மேல பூச்சு 12 மி.மீ. வரும், கிச்சன்னா டைல் ஒரு 8 மி.மீ., ஒட்டுற பேஸ்ட் வேற, ஆக மொத்தம் பாக்ஸ் ஒரு இன்ச் உள்ள போயிடும். அப்புறம் ஸ்க்ரூ எட்டல.

ஒரு வீட்டுல இப்படித்தான், நீள ஸ்க்ரூ வாங்கி முடுக்கிட்டான் ஒரு தம்பி. பிளேட் நடுவுல குழிஞ்சு போச்சு, பின்னாடி தாங்க ஒண்ணுமே இல்ல. அந்தம்மா மிக்ஸி பிளக்க உருவும்போதெல்லாம் பிளேட்டும் கூடவே அசையும், அசைஞ்சு அசைஞ்சு சாக்கெட்ல வயர் லூஸாகி சூடாகி பிளாஸ்டிக் உருகிடுச்சு. சரி பண்ண டைல ஒடைக்க வேண்டியதாப் போச்சு, அதே டிசைன் டைல் கடையில இல்ல. "ஏம்பா, இதுக்கா மறுபடியும் சுவத்த ஒடைக்கிற?"ன்னு அந்தம்மா கேட்டப்ப யாருகிட்டயும் பதில் இல்ல.

கொத்தனார் பூசுறதுக்கு முன்னாடி அங்கங்க கலவை அப்பி டைல் துண்டு ஒட்டி மட்டம் வைப்பாரு பாருங்க, அது வர்ற வரைக்கும் பொறுங்க. ரெண்டு துண்டுக்கு நடுவுல நூல் பிடிச்சு, பாக்ஸோட வாய் நூலுக்கு 2 மி.மீ. உள்ள இருக்குற மாதிரி வைங்க. டைல் சுவருன்னா டைல் கனத்தையும் பேஸ்ட் கனத்தையும் கேட்டு சேத்துக்கோங்க. வெளிய துருத்திட்டு நின்னாலும் தப்புதான், பிளேட் சுவத்தோட ஒட்டாது, இடுக்குல எறும்பு குடியேறும். சுவத்த நனைச்சுட்டு நாலு பக்கமும் கலவைய நல்லா குத்தி அடைங்க, ஆணி மட்டும் அடிச்சு நிறுத்துனா நிக்காது.

ஏற்கனவே உள்ள போயிடுச்சுன்னா ஸ்க்ரூ காதுக்கும் (பாக்ஸ்ல ஸ்க்ரூ ஏறுற இடம்) பிளேட்டுக்கும் நடுவுல கெட்டியான பிளாஸ்டிக் குழாய் துண்டு சரியான அளவுக்கு வெட்டி வைங்க. ஸ்க்ரூ நுனி வயர்ல படாம பாத்துக்கோங்க.

பாக்ஸ மூடாம பூச விடுறது

பேப்பரோ தெர்மாகோலோ அடைச்சு வைங்க. இல்லன்னா ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் சிமெண்ட்.

தரையில இருந்து டேப் பிடிக்கிறது

தரை டைல் இன்னும் போடல, ரூமுக்கு ரூம் மேடு பள்ளம் வேற, அதுல நாலடி அளந்தா ஒவ்வொரு ரூமுலயும் ஒவ்வொரு உயரம்தான் வரும். டியூப் லெவல் (தண்ணி நிரப்புன, உள்ள தெரியிற டியூப்) பிடிச்சு வீடு பூரா ஒரே கோடு போட்டு அதுல இருந்து அளங்க.

கண்ணால மட்டம் பாக்குறது

வேணாம். ரசமட்டம் வைங்க.

வயர திணிக்கிறது

ஒரு ஜாண் விட்டா போதும், அதுக்கு மேல விட்டா பின்னாடி இருந்து பிளேட்ட வெளிய தள்ளும். சுருட்டாம மடிச்சு வைங்க.

ட்ரில் மெஷின்ல ஸ்க்ரூ முடுக்குறது

கையாலதான் முடுக்கணும். எல்லா ஸ்க்ரூவையும் பாதி ஏத்தி, மட்டம் பாத்து, அப்புறம் மாத்தி மாத்தி முடுக்குங்க. ஒரு பக்கத்த மொதல்லயே இறுக்குனா பிளேட் அந்தப் பக்கம் இழுத்துக்கும், அடுத்த பக்கம் எவ்வளவு முடுக்குனாலும் நேராகாது.

அப்புறம் மெட்டல் பாக்ஸ்னா எர்த் வயர சாக்கெட்டோட நிறுத்தாதீங்க, பாக்ஸுக்கும் குடுங்க.