கருங்கல்லப் பார்த்து அது எங்க எப்படி உருவாச்சுன்னு கண்டுபிடிக்கிறது

கலர் ஏமாத்தும், அதை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல கல்லோட மணியை, அதாவது அதுல இருக்கிற படிகத் துணுக்குகளைப் பாருங்க. மாக்மா, அதாவது உருகுன பாறைக் குழம்பு, மெதுவா ஆறுனா படிகம் பெருசா வளரும், சட்டுனு ஆறுனா பொடியாவே நின்னுடும், பாகை நாள் கணக்குல ஆற விட்டாதான் கல்கண்டு கட்டுற மாதிரி.

செட்டிநாட்டு வீட்ல இதுக்கு எங்கயும் அலைய வேண்டாம், வளவுல, அதாவது உள்முற்றத்துல, நிக்கிற கல்தூணும் வாசப்படியுமே போதும். அம்மி, ஆட்டுக்கல்லுல கொத்து போட்டிருக்கிறதால மணி சரியா தெரியாது, அதனால உடைஞ்ச ஓரமாவோ பாலிஷ் போட்ட பக்கமாவோ பார்த்துத் தண்ணி தெளிச்சு, வெயில்ல லேசா சாய்ச்சுப் பாருங்க, பத்து மடங்கு லென்ஸ் இருந்தா இன்னும் நல்லது. தட்டையா பளிச்சுனு மின்னுற வெள்ளை இல்ல ரோஸ் மணி ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடித் துண்டு மாதிரி சாம்பலா, கத்தியால கீறுனாலும் கோடு விழாதது குவார்ட்ஸ், கருப்பா ஏடு ஏடா உரியறது மைக்கா. இது மூணும் கோடு கட்டாம வெறுங்கண்ணுக்கே தெரியுதுன்னா அது பெரும்பாலும் கிரானைட், பூமிக்குள்ள பல கிலோமீட்டர் ஆழத்துல லட்சக்கணக்கான வருஷமா ஆறுனது.

மணியே தெரியாம ஒரே கருப்பா இருந்தா பசால்ட்டா இருக்கலாம், அதாவது வெளிய வழிஞ்சு சீக்கிரமா ஆறுன லாவா. எல்லோரா குகை எல்லாம் அதுல குடைஞ்சதுதான், சுமார் 6.6 கோடி வருஷம் முன்னாடி தக்காணத்துல வழிஞ்சது, நம்ம பக்கம் வரைக்கும் வரல. பொடி மணிக்கு நடுவுல பெரிய படிகம் தனியா நின்னா அது ரெண்டு தடவையா ஆறுன கல்லு, உள்ள கொஞ்ச நாள் மெதுவா, அப்புறம் மேல ஏறி வேகமா.

கிச்சன் மேடைக்குப் போடுற 'பிளாக் கிரானைட்' பெரும்பாலும் கிரானைட்டே இல்ல, டோலரைட் இல்லன்னா காப்ரோ, ரெண்டும் பூமிக்குள்ளயே ஆறுன கருப்புக் கல்லு. டோலரைட் வெளிர் பாறையோட வெடிப்புல புகுந்து சுவர் மாதிரி உறைஞ்சு நிக்கும். அந்தச் சுவர்ல ஓரத்துலயும் நடுவுலயும் ஒரு துண்டு எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க, ஓரம் குளிர்ந்த பாறையத் தொட்டதால மணி பொடியா இருக்கும், நடுவுல போகப் போக பெருசாகும், எனக்கு இதை விடத் தெளிவான சாட்சி கிடையாது. குவாரிக்குள்ள மட்டும் இறங்காதீங்க, ரோட்டோரம் கொட்டி வச்ச கல்லே போதும்.

கலர் ஏமாத்தும்னு சொன்னேன்ல, அதுக்குப் பல்லாவரத்து சார்னோகைட்தான் உதாரணம். எண்ணெய் தடவுன மாதிரி கருநீலமா இருக்கும், ஆனா உள்ள குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நிறைய, கடுமையான சூட்டுல ரொம்ப ஆழத்துல உருவானது. வெளிர் மணியும் கரும் மணியும் கோடு கோடா வரிசை கட்டியிருந்தா அது நைஸ், அழுத்தத்துல உருமாறுன பாறை, அதை மாக்மா ஆறி உருவான தீப்பாறைக் கணக்குல சேர்க்காதீங்க.

அப்புறம் செம்பூரான் கல்லு. ஓட்டை ஓட்டையா இருக்குன்னு எரிமலைக் கல்லுனு நினைச்சிடுறாங்க, அது மழையும் வெயிலும் பாறையைக் கரைச்சு இரும்பும் அலுமினியமும் பெரும்பாலும் மிஞ்சுனது. லாவா ஓட்டை வாயு குமிழ் விட்டது, அதனால பெரும்பாலும் உருண்டையா இருக்கும், செம்பூரான்ல புழு குடைஞ்ச மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும், துரு கலர்ல கையிலயும் ஒட்டும்.