கொழுந்தாடை மட்டும் போட்டால் ஆடு தேறாது

ஜூன் முதல் டிசம்பர் வரை மொரீஷியஸில் கரும்பு வெட்டு. காசில்லாமல் கிடைக்கிறதே என்று பலரும் வீட்டு ஆடுகளுக்குக் கொழுந்தாடையை, அதாவது கரும்பின் நுனித் தோகையை, மட்டுமே போடுகிறார்கள். வயிறு நிறையும், சதை பிடிக்காது. உலர் எடையில் அதன் புரதம் ஏறத்தாழ 5 அல்லது 6 சதவீதம்தான். இரைப்பையில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கே 7 சதவீதமாவது வேண்டும்.

மொரீஷியஸில் அகாசியா என்று சொல்லும் வேலியோரத்துச் சூபாபுல் மரத்தின் இலையை இளங்கிளையோடு ஒடித்துக் கலந்து கொடுங்கள். இலையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம். ஆடு போட்டி போட்டுத் தின்னும். அதற்காக அள்ளிக் கொட்ட வேண்டாம். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு மிஞ்சினால் முடி கொட்டும், தைராய்டு வீங்கும். ஹவாய் ஆடுகள் இதைத் தின்றும் நலமாக இருந்ததைக் கவனித்தவர் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ரேமண்ட் ஜோன்ஸ். அவற்றின் இரைப்பை நுண்ணுயிர்களே நச்சை முறிக்கின்றன என்று தெரியவந்தது. எல்லா மந்தையிலும் அவை இருக்கும் என்று நம்ப முடியாது. ஒரு கைப்பிடியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள்.

முயலுக்கும் குதிரைக்கும் இது வேண்டவே வேண்டாம்; குதிரைக்குப் பிடரி மயிரே உதிர்ந்துவிடும்.