எட்டுப் பேர், ஒரு அகழி: அடிதடி கேம் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

வேலூர்க் கோட்டை மதில்மேல் எட்டுப் பேர். ஒருவரையொருவர் அடித்து அகழிக்குள் தள்ள வேண்டும். கடைசியாக மேலே நிற்பவன் ஜெயித்தான். காட்பாடியில் நண்பன் வீட்டு மாடியில் நாங்கள் செய்யத் தொடங்கிய கேம் இவ்வளவுதான். சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். விளையாடியபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

கலாட்டா என்றால் கூட்டம் என்று நினைத்துவிட்டோம். எட்டு ஆள், அடிக்கு அடி தீப்பொறி, புகை, திரை அதிர்வு. "டேய், நான் எங்கடா இருக்கேன்?" அன்று மாலை அதிகம் கேட்ட வசனம் இதுதான். அகழியில் விழுந்தவனுக்கு யார் தள்ளியது என்றே தெரியவில்லை. தெரியாவிட்டால் எப்படிப் பழிவாங்குவது? பழிவாங்க முடியாத அடிதடி கேமை எதற்கு விளையாடுவது?

இதற்கு வழி நம் பக்கத்துத் தெருக்கூத்தில் இருந்தது. நடுராத்திரியில், கடைசியில் பாய் போட்டு அரைத்தூக்கத்தில் இருக்கும் பாட்டிக்குக்கூட துரியோதனன் யார், கட்டியங்காரன் யார் என்று குழப்பமே வராது. ஒருவனுக்குப் பெரிய கிரீடம், புஜக்கட்டை. இன்னொருவன் அந்தச் சுமை எதுவும் இல்லாமல் துள்ளித் திரிவான். முகம் தெரியாத தூரத்திலும் உருவமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். நாங்களோ ஒரே உடம்புக்கு எட்டு நிறத்தில் சட்டை மாட்டியிருந்தோம். உங்கள் கதாபாத்திரங்களை முழுக்கக் கறுப்பாக்கி, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் இன்னார் என்று தெரிந்தால் சரி. மேடையையும் சின்னதாக வையுங்கள். ஒருவன் ஓரமாக ஓடினால் அவனையும் சேர்த்துக் காட்ட கேமரா பின்னால் போகும், மற்றவர்கள் எறும்பாகிவிடுவார்கள்.

இரண்டாவது மேடை, மாடு விடும் விழா. தை மாதத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில், இருபுறமும் ஜனம் நிற்கும் தெருவில் மாட்டை ஓடவிட்டு, குறைந்த நேரத்தில் எல்லையைத் தொட்டதற்குப் பரிசு கொடுப்பார்கள். எங்கள் கேமில் மாடு திடீரென்று வந்து நாலு பேரைத் தூக்கி எறிந்தது. முதல் தடவை சிரிப்பு, மூன்றாவது தடவை எரிச்சல். நிஜத் தெருவில் மாடு அப்படியா வருகிறது? அவிழ்த்துவிடும் முனையில் கூச்சல் எழும். அந்தக் கூச்சல் தெருவோடு நகர்ந்து வரும், ஆட்கள் ஒதுங்குவார்கள், பிறகுதான் மாடு. அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். முதலில் சத்தம், அடுத்து திரை ஓரத்தில் புழுதி, ஒன்றரை விநாடி கழித்து மாடு. உடனே விளையாட்டே மாறிப்போனது. தப்பி ஓடுவதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவனைக் கட்டிப்பிடித்து மாட்டு வழியிலேயே நிறுத்தி வைத்தார்கள். இது நாங்கள் யோசிக்காத ஆட்டம்.

அடி வாங்க வாங்கக் குறையும் உயிர்க்கோடு வைப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. உயிர் குறைந்தவன் ஓரமாகப் பதுங்கிவிடுவான். 1999இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற அடிதடி கேம் இதைத் திருப்பிப் போட்டது. அடி வாங்க வாங்கச் சதவீதம் ஏறும், ஏற ஏற அடுத்த அடியில் இன்னும் தூரமாகப் பறப்பீர்கள். அகழி உள்ள கோட்டைக்கு இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்? ஆனால் மூன்று பேர் சேர்ந்து ஒருவனை மூலையில் போட்டு மொத்துவதை இதுவும் தடுக்காது. விழுந்தவன் எழுந்ததும் ஒரு விநாடியாவது அடி படாமல் விடுங்கள்.

தோற்றவனைச் சும்மா உட்கார வைத்தால் போனை எடுத்துவிடுவான். அகழியில் அந்தக் காலத்தில் முதலை விட்டிருந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள் இல்லையா, விழுந்தவனை முதலையாக்கி மேலே இருப்பவன் காலைப் பிடித்து இழுக்க விட்டோம். சிலர் அதற்காகவே குதித்தார்கள்!

"ஆன்லைனை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான் காசு தின்னும் தவறு. விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது திரையில் 60 படம் மாறும் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லி விநாடிதான். எதிராளி அழுத்திய பட்டன் அதற்குள் வந்து சேராது. ரோல்பேக் முறையில், அவன் முன்பு அழுத்தியதையே இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறான் என்று கேம் ஊகித்து நகரும். ஊகம் தப்பானால் பின்னால் போய் மறுபடி கணக்குப் போடும். இதற்கு எல்லாக் கணினியிலும் ஒரே பட்டனுக்கு ஒரே விளைவு வர வேண்டும். துணிப்பொம்மை போல உடம்பு தொளதொளவென்று ஆடும் இயற்பியலை அப்படிக் கட்டுக்குள் வைப்பது பெரும்பாடு. எனவே எந்த வகை அசைவு என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

கதாபாத்திரங்களின் எண்ணிக்கை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாலு போதும்.

அப்புறம், ஒரே கீபோர்டில் இரண்டு பேரை உட்கார வைக்காதீர்கள். விலை குறைந்த பல கீபோர்டுகளில் சில பட்டன்களை மூன்றாகச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது பதிவே ஆகாது. எங்கள் மாடியில் ஒருவன் குத்து விடவேயில்லை என்று ஒரு மாலை முழுக்கக் கிண்டல் செய்தோம். மறுநாள் தனியாகச் சோதித்தபோதுதான் தெரிந்தது, பக்கத்தில் இருந்தவன் ஓடிக்கொண்டே குதிக்கும்போதெல்லாம் இவனுடைய குத்தைக் கீபோர்டே விழுங்கியிருக்கிறது. அவனிடம் சொன்னோம். "அதான் நேத்தே சொன்னேனே" என்றான்.