விஎம்வேர் டூல்ஸ் அப்டேட்: எது முதலில்?

மதுரை மாசி வீதிகளில் ஜவுளிக்கடை, மொத்த வியாபாரக் கடைகளின் பில்லிங் சர்வரை விஎம்வேரில் (ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) ஓட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். விஎம்வேர் டூல்ஸ் (விஎம்முக்குள் நிறுவும் துணை மென்பொருள்), விர்ச்சுவல் ஹார்டுவேர் (விஎம்முக்குக் காட்டப்படும் மெய்நிகர் வன்பொருள்) இரண்டையும் புதுப் பதிப்புக்கு மாற்றுவதாக இருந்தால் டூல்ஸ்தான் முதலில். புது ஹார்டுவேருக்கான டிரைவர்கள் அதில்தான் வருகின்றன. வரிசையை மாற்றிச் செய்தால் விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங் காணாமல் போகலாம். மறுநாள் காலை கவுன்ட்டரில் ஒரு பில்கூட ஓடாது.

ஆகவே ஐபி, கேட்வே, டிஎன்எஸ் எண்களை முதலில் குறித்து, அந்த விஎம்முக்கு வெளியே வையுங்கள். உள்ளேயே வைத்துப் பயனில்லை!

டூல்ஸ் ஏறும்போது நெட்வொர்க் டிரைவரும் மாறுவதால் இணைப்பு சில விநாடி அறுபடும். ரிமோட் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து செய்யாதீர்கள். விஎம்மின் திரையை நேரடியாகக் காட்டும் விஸ்பியர் (விஎம்வேரின் நிர்வாக மென்பொருள்) கன்சோலையே திறந்துகொள்ளுங்கள். ரீபூட்டும் கேட்கலாம். கடைசி பில் போட்டு ஷட்டர் இறங்கியபின் செய்வதுதான் நல்லது. தீபாவளி, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கை வைக்கவே வேண்டாம்.

தொடங்கும் முன் ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேரத்து நிலையைப் பதிந்துவைப்பது) அவசியம். விஎம்மை அணைத்துவிட்டு எடுத்தால் டேட்டாபேஸுக்குப் பாதுகாப்பு. ஆனால் அது பேக்கப் ஆகாது. வளர்ந்துகொண்டே போய் டிஸ்க்கை நிரப்பிவிடும். எல்லாம் சரியாக ஓடினால் 72 மணி நேரத்துக்குள் அழித்துவிடுங்கள்.

லினக்ஸ் என்றால் ஓப்பன்-விஎம்-டூல்ஸ் (விஎம்வேர் டூல்ஸின் திறமூல வடிவம்) போதும். உபுன்டுவில் வழக்கமான ஆப்ட் அப்கிரேடிலேயே அதுவும் வந்துவிடும்.